கசியும் ஹோஸும் கீழ் லயத்துப் பீலியும்

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கோவாவும் போட்டிருக்கிறேன். மலை ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸில் தண்ணீர் இறங்குகிறது. மோட்டார் இல்லை. பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். என் நான்கு ஸ்பிரிங்ளர்களும் அதில்தான் சுற்றுகின்றன.

போன வருடம் ஒன்று நின்றுபோனது. அவசரத்தில் கம்பியால் குத்தினேன். பிளாஸ்டிக் துளை அகன்று, தூறலாக விழவேண்டிய தண்ணீர் தாரையாக அடித்து, போஞ்சி வேரடி மண்ணை அரித்துவிட்டது. அடைப்பு மண்ணும் பாசியும்தான். கழற்றி ஊறவைத்து, ஈர்க்கால் மெல்லத் தள்ளியிருந்தால் போதும். ஊற்றடியில் ஒரு சல்லடை கட்டியிருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது.

ஊவாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று. தேயிலைக்கு மணம் தரும் அதே காற்று மரக்கறியை வாட்டிவிடும். 2014 இறுதியில் உமா ஓயா நீர்த்திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் நீர் கசிந்தபின் இப்பகுதியில் பல கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. அதைக் கண்ட பிறகும் ஹோஸின் கசியும் மூட்டில் பழைய டியூப்பைச் சுற்றிவிட்டுப் போவது தவறு. சில்லறைக் காசுக்கு வாங்கும் வாசரை மாற்றாததால், அதே ஊற்றை நம்பியிருக்கும் கீழ் லயத்துப் பெண்கள் பீலியடியில் குடத்தோடு காத்து நிற்கிறார்கள்.

ஆனி பிறக்குமுன் ஹோஸின் கடைசி மூடியைக் கழற்றி, கலங்கல் தெளியும்வரை ஓடவிடுங்கள். வெயில் ஏறுமுன் பாய்ச்சி முடித்து, ஊற்றுத் தண்ணீரைக் கீழே இருப்பவர்களுக்கு விடுங்கள்.