பாதிவழித் தரவரிசை

அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் ஒரு பருவகாலத்தில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள். பாதியைத் தாண்டியதும் அணிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கிவிடுகின்றனர் எமது சகபத்திரிகையாளர்கள். பெரும்பாலும் வெற்றி தோல்விக் கணக்கே அவர்களது அளவுகோல். அது போதாது.

2022 ஜனவரி 6ஆம் திகதி பொஸ்டன் செல்டிக்ஸ் அணியின் கணக்கில் இருந்தவை 18 வெற்றிகள், 21 தோல்விகள். எஞ்சிய 43 ஆட்டங்களில் 33இல் வென்ற அதே அணி, அவ்வாண்டின் இறுதித் தொடர்வரை முன்னேறியது. புதிய பயிற்றுநர் இமே உடோகாவின் தடுப்பாட்ட முறை வீரர்களிடம் படிய நாளெடுத்தது. படிந்தபின் அதனை ஊடறுப்பது எதிரணிகளுக்குப் பெரும்பாடாயிற்று.

எனவே, காயமுற்றிருப்போர் யார், இதுவரை மோதிய அணிகள் எத்தகையன, தடுப்பாட்டம் தேறி வருகிறதா என்பவற்றையும் சீர்தூக்கியே பட்டியலிட வேண்டும். புள்ளி அட்டவணை எல்லோர் கையிலும் இருக்கிறது. அதையே திருப்பி எழுத ஒரு பத்திரிகையாளன் எதற்கு?