'வெண்குஷ்டம்' என்று அச்சிட்டுவிட்டு மன அழுத்தத்தை அளப்பது

தோல்நோயாளிகளின் மன அழுத்தம் குறித்து நான் வாசித்த ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஃபின்லேயும் கானும் 1994இல் வெளியிட்ட வாழ்க்கைத்தர வினாநிரல், பத்து வினாக்கள், 30 வரை மதிப்பெண், இறுதியில் 'நோயாளிகளுக்கு உளவள ஆலோசனை தேவை' என்ற பரிந்துரை. வினாநிரலோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. அதற்கு முன் நீட்டப்படும் தமிழ் ஒப்புதல் படிவத்தில் நோயின் பெயர் 'வெண்குஷ்டம்' என்றிருப்பதோடுதான் பிணக்கு.

வெண்புள்ளி தொற்றாது. நிறமியை உண்டாக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழிப்பதால் வருவது. தொழுநோய் பாக்டீரியாவால் வருவது. 1873இல் ஹான்சன் அதைக் கண்டார். இவ்விரண்டையும் உறவாக்கியது ஒரு சொல் மட்டுமே. சரக சங்கிதையில் 'குஷ்டம்' என்பது பதினெட்டுத் தோல்நோய்களுக்கான பொதுப்பெயர். வெண்புள்ளிக்கு 'சுவித்திரம்' என்ற தனிப்பெயரும் அங்குண்டு. பிற்காலத்தில் குஷ்டம் பொருள் சுருங்கித் தொழுநோயை மட்டும் குறித்தது. பழைய கூட்டுச்சொல்லோ தமிழில் 'வெண்குஷ்டம்' என்றும் இந்தியில் 'ஷ்வேத் குஷ்ட்' என்றும் நிலைத்துவிட்டது. வங்காளத்தில் 'ஷ்வேதி', தெலுங்கில் 'பொல்லி'. இழிவு அங்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெயரிலேயே தொழுநோய் இல்லை. தொழுநோயை மணமுறிவுக்கான காரணங்களிலிருந்து இந்தியச் சட்டம் நீக்கியதே 2019இல்தான். அவ்வளவு சுமையுள்ள சொல்லை இருபது வயதுப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, 'கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு கூச்சப்பட்டீர்கள்?' என்று கேட்கிறோம். (சென்ற ஆண்டு முறிந்த வரன் அந்த ஒரு வாரத்துக்குள் வராது என்பது வேறு கதை.)

'மக்கள் வழக்கைத்தானே எழுதினோம்' என்பார்கள். நோயாளியே சொன்னால் அது தரவு; அப்படியே பதிவு செய்யுங்கள். ஆய்வாளர் முன்கூட்டி அச்சிட்டுத் தந்தால் அது தலையீடு. அதன்பின் கிடைக்கும் மதிப்பெண்ணில் நோயின் பங்கெவ்வளவு, படிவத்தின் பங்கெவ்வளவு?

பின்மொழிபெயர்ப்புச் சோதனையிலும் இப்பிழை சிக்காது. 'வெண்குஷ்டம்' ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது 'விட்டிலைகோ' என்று குற்றமற்று நிற்கும். குஷ்டம் தமிழிலேயே தங்கிவிடும். ஆகவே நெறியாளர்களே, நெறிமுறைக் குழுவினரே, ஆங்கிலப் பிரதியை மட்டும் புரட்டிவிட்டுக் கையெழுத்திடாதீர்கள். நோயாளி படிக்கப்போகும் தமிழ்த் தாளை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.