பந்தியிற் பிரிவு வேண்டா

சீலியாக் நோயுடையார்க்குக் கோதுமை பகையாகும். அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் அவர்தம் சிறுகுடலின் உட்சுவர் சிதைவுறும். உண்டது உடலிற் சேராது. கோதுமையே காரணமென ஒல்லாந்த மருத்துவர் வில்லெம் டிக்கே 1950ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் நிறுவினார். வாழ்நாள் முழுதும் அதனை விலக்குதலே இன்றளவும் மருந்து.

இவ்விலக்கை இல்லத்தார் கொள்ளும் முறையே எமக்கு உடன்பாடன்று. நோயுற்ற பிள்ளைக்குத் தனிக் கோப்பை, தனி மூலை! ஏனையோர் கோதுமைமாப் பிட்டு உண்ண, அது பார்த்திருக்கும். "ஒரு வாய்தானே, என்ன செய்யும்?" என்று ஊட்டவரும் பெரியம்மாமாரும் உளர். அந்த ஒரு வாயே போதும், குடலைப் புண்படுத்த. இரு மாவையும் ஒரே அரிதட்டில் அரித்தலும், ஒரே நீற்றுப்பெட்டியில் அவித்தலுங்கூடத் தீதே. கடைப் பெருங்காயம் பலவற்றிற் கோதுமைமா கலந்திருத்தலை எத்துணைப்பேர் அறிவர்?

பிள்ளையைப் பிரிப்பதினும் கோதுமையை அடுக்களையினின்று பிரித்தல் எளிதன்றோ? அரிசி, குரக்கன், ஒடியல் ஆகியவற்றிற் குளூட்டன் இல்லை. கோதுமை அரைத்த எந்திரத்தில் அவற்றை அரைப்பியாதிருத்தல் வேண்டும், அவ்வளவே. எல்லோரும் ஒரே பிட்டை உண்ணலாம். பாணின்றிப் பொழுது விடியாதென்னும் தந்தையர் அதனைத் தேநீர்க்கடையில் உண்டு வருவாராக.