ஆணிகளை எண்ணுவோர் ஆன்மாக்களையும் எண்ணட்டும்

கணினித் திரையின்முன் அமர்ந்து போர் விளையாட்டுகளில் பொழுதைப் போக்கும் இளைஞரைக் கண்டு முகம் சுளிப்பது எளிது. ‘வீணர்’ என்ற ஒரே சொல்லால் அவர்களை ஒதுக்கிவிடுவது அதனினும் எளிது. நாம் அவ்வாறு ஒதுக்க முன்வரவில்லை. அவர்களுள் ஒரு சாரார் மேற்கொள்ளும் அரிய உழைப்பைப் பாராட்டியே தொடங்குகிறோம். அவ்வுழைப்பு உண்மையை எவ்விடத்தில் பாதியில் கைவிடுகிறது என்பதே நம் வழக்கு.

விற்பனைக்கு வந்த ஒரு கணினி விளையாட்டில் அதன் ஆர்வலர்களே புதிய களங்களையும் கருவிகளையும் உருவாக்கிச் சேர்ப்பதுண்டு. பெரும்பாலும் ஊதியமின்றிச் செய்யப்படும் அச்சேர்க்கைக்கு ‘மோட்’ என்று பெயர். பிராகா நகரின் போகீமியா இன்டராக்டிவ் நிறுவனம் வெளியிட்ட ‘ஆர்மா’ விளையாட்டுகள் இத்தகைய சேர்க்கைகளுக்குப் பெயர் பெற்றவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் செக்கோஸ்லோவாக்கிய ஆயுதங்களையும் டாங்கிகளையும் இம்முறையில் மீண்டும் உருவாக்குவோர் உளர். பழைய நிழற்படங்களையும் வரைபடங்களையும் தேடி ஒப்பிடுகின்றனர். அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள வண்டிகளை அங்குலம் அங்குலமாக நோக்குகின்றனர். இரும்புத் தகடுகளைப் பிணைக்கும் ரிவிட் ஆணிகள் எத்தனை, எவ்வரிசையில் அமைந்தவை என்று எண்ணுகின்றனர். ஓர் ஆணி பிசகினாலும் அழித்துவிட்டு மீண்டும் வரைகின்றனர். மெய்ம்மையின்பால் கொண்ட இந்தப் பொறுமையை நாம் மதிக்கிறோம்.

அவர்கள் தேர்ந்துகொண்ட பொருளும் சிறியதன்று. 1930களில் செக்கோஸ்லோவாக்கியா ஐரோப்பாவின் சிறந்த ஆயுதப் பட்டறைகளுள் ஒன்றாக விளங்கிற்று. புர்னோ நகரில் பிறந்த இலகுரக இயந்திரத் துப்பாக்கியைத் தழுவியே ஆங்கிலேயர் ‘பிரென்’ துப்பாக்கியை உருவாக்கினர். புர்னோ, என்ஃபீல்டு என்னும் இரு ஊர்களின் பெயர்களும் கலந்த பெயர் அது. நம் இந்தியப் படையும் அதனை நெடுங்காலம் ஏந்திற்று. பில்சன் நகரின் ஸ்கோடா ஆலை எல்.டி. 35 என்ற டாங்கியை வடித்தது. பிராகாவின் சி.கே.டி. ஆலை எல்.டி. 38 என்ற டாங்கியை வடித்தது. இரண்டும் ஏறத்தாழப் பத்து டன் எடையுடையவை. 37 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்தப்பட்டவை.

இரும்பின் கதை இதுவரை. அந்த இரும்பை இயக்கிய கைகளின் கதை இனித்தான் தொடங்குகிறது.

1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக் நகரில் நான்கு வல்லரசுகள் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவை அழைக்காமலேயே அதன் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு அளித்தன. எஞ்சிய செக் நிலமும் 1939 மார்ச் 15இல் ஜெர்மானியப் படைகளால் விழுங்கப்பட்டது. எல்.டி. 38 டாங்கிகளில் ஒன்றுகூட அதுவரை தன் சொந்த நாட்டுப் படையில் சேர்ந்திருக்கவில்லை. தாய்நாட்டைக் காப்பதற்கென வடிக்கப்பட்ட அவ்வண்டியைத் தாய்நாட்டை விழுங்கியவனே பெற்றுக்கொண்டான். ‘பான்சர் 38(டி)’ என்று அவன் அதற்குப் பெயரிட்டான். ‘செக் நாட்டது’ என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்தே அந்த ‘டி’. அதே பிராகா ஆலையில், அதே தொழிலாளர் கைகளால், 1942 வரை ஏறத்தாழ 1,400 வண்டிகள் அவனுக்காக வெளிவந்தன. அவை 1939இல் போலந்தையும், 1940இல் பிரான்சையும், 1941இல் சோவியத் நாட்டையும் மிதித்தன.

மற்றொரு கையையும் கத்தோலிக்கராகிய நாம் மறைக்கலாகாது. 1939இல் பிரிந்து ஹிட்லரின் நிழலில் நின்ற ஸ்லோவாக்கிய அரசின் தலைவர் யோசெஃப் திசோ ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அவ்வரசின் படை, இரட்டைச் சிலுவையைத் தன் நாட்டுச் சின்னமாகக் கொண்டு, இதே டாங்கிகளுடன் 1941இல் கிழக்கு நோக்கிச் சென்றது. அடுத்த ஆண்டு அவ்வரசு ஏறத்தாழ 58,000 யூதரை நாடுகடத்திற்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் திரும்பவேயில்லை. வத்திக்கான் எதிர்ப்புத் தெரிவித்தும் அந்த இரயில்கள் ஓடின. 1944 ஆகஸ்டு 29இல் ஸ்லோவாக்கியப் படையினரும் மக்களும் ஜெர்மானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, இதே வகை டாங்கிகளே கிளர்ச்சியாளருக்கும் துணைநின்றன.

ஆக, ஒரே பட்டறையின் இரும்பு காவலனுக்கு மறுக்கப்பட்டது, கொடியவனுக்கு உழைத்தது, சிலுவையைச் சின்னமாகக் கொண்டோரின் பாவத்துக்கு உடன்சென்றது, இறுதியில் விடுதலை வேட்கைக்கும் தோள் கொடுத்தது. விளையாட்டில் இவ்வரலாறு என்னவாகிறது? நான்கு வண்ணப் பூச்சுகளாகிறது! பச்சையும் பழுப்பும் பூசினால் செக்கோஸ்லோவாக்கியா. சாம்பல் நிறம் பூசினால் ஜெர்மனி. இரட்டைச் சிலுவை வரைந்தால் ஸ்லோவாக்கியா. விரும்பியதைச் சொடுக்கி விரும்பியவாறு சுடலாம். ஆணியின் இடம் அரை அங்குலம் தவறினால் துடிக்கும் கைகள், மனச்சான்றின் இடம் முற்றிலும் தவறியதைக் கண்டு துடிக்கவில்லையே! இதனையே நாம் பாதி உண்மை என்கிறோம். பாதி உண்மை பல வேளைகளில் முழுப் பொய்யினும் தீயது. ஏனெனில் அது உண்மையின் ஆடையை உடுத்தி வருகிறது.

1942 மே 27இல் பிராகாவில் ஹைட்ரிக் என்னும் நாட்சித் தலைவன் தாக்கப்பட்டான். காப்சிக் என்ற வீரரின் ஸ்டென் துப்பாக்கி இயங்க மறுத்தது. குபிஷ் என்பவர் எறிந்த குண்டே அவன் சாவுக்குக் காரணமாயிற்று. படைக்கல ஆர்வலர் அந்தத் துப்பாக்கி ஏன் இயங்கவில்லை என்று ஆராய்வர். நன்று, ஆராயட்டும். ஆயினும் இரு வாரங்களுக்குப்பின், ஜூன் 10இல், அதற்குப் பழியாக லிடிட்சே என்ற சிற்றூர் அழிக்கப்பட்டது. ஆண்கள் 173 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். பெண்கள் ராவென்ஸ்புரூக் முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். குழந்தைகளுள் 82 பேர் பின்னர்க் கெல்ம்னோவில் நச்சுவாயுவால் மாண்டனர். புனித மார்ட்டின் ஆலயம் தகர்க்கப்பட்டது. அவ்வூரின் பங்குத்தந்தை யோசெஃப் ஷ்டெம்பெர்காவுக்கு அப்போது வயது 73. தப்பிக்க வழி காட்டப்பட்டும் அவர் தம் மந்தையைவிட்டு அகல மறுத்தார் என்பர். தம் மக்களோடு அவரும் சுடப்பட்டார். துப்பாக்கியின் சுருள்வில்லைப் பற்றி ஆயிரம் செய்திகள் அறிந்த ஓர் இளைஞன் இந்த முதியவரின் பெயரைக் கேட்டிராவிட்டால், அவன் எந்தப் போரைக் கற்றான்?

‘இது வெறும் விளையாட்டு, இதற்கு இத்தனை சுமை ஏன்?’ என்பர் சிலர். வெறும் விளையாட்டாயின் ஆணிகளை எண்ணியதேன்? உண்மைதான் பெருமை என்று கூறிக்கொண்டவர், உண்மை கேள்வி கேட்கும்போது விளையாட்டின் பின்னே ஒளியலாகாது. ‘போரிடாமலே இழந்த நாட்டுக்காகத் திரையிலாவது போரிட்டுப் பார்க்கிறோம்’ என்பர் வேறு சிலர். அந்த ஏக்கத்தில் நியாயமுண்டு; 1938இல் அணிதிரண்டும் சுட அனுமதிக்கப்படாத வீரரின் அவமானம் மெய்யானது. எனினும் திரையில் வென்ற போர், நாட்டில் நேர்ந்த துயரை மறக்கச் செய்யுமாயின், அது ஆறுதலன்று, மயக்கமருந்து.

‘துயரத்தை விளையாட்டில் காட்ட இயலாது’ என்பதும் செல்லாத வாதம். பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகமும் செக் அறிவியல் கழகமும் இணைந்து 2017இல் ‘அட்டென்டாட் 1942’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டன. அதில் ஆடுபவர் எவரையும் சுடுவதில்லை. ஹைட்ரிக் தாக்கப்பட்ட பின்னர்த் தம் தாத்தா கைது செய்யப்பட்டது ஏன் என்று தேடி, அக்காலத்தில் வாழ்ந்தோரிடம் வினவுகிறார். அவர்தம் நினைவுகளுக்குச் செவிசாய்க்கிறார். ஆகவே குறை கருவியில் இல்லை. அதனைக் கையாளும் உள்ளத்தில் இருக்கிறது.

இவ்வுருவாக்கங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று நாம் கோரவில்லை. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா இறைவாக்கினரோடு எதிர்நோக்கும் நாம், வாளின் வரலாற்றை அறியவேண்டாம் என்று கூறமாட்டோம். நாம் கேட்பது ஒன்றே: ஒவ்வோர் உருவோடும் அதன் வாழ்க்கை வரலாறும் செல்லட்டும். இந்த வண்டி எங்கே பிறந்தது, எவர் கைக்கு மாறியது, எந்தச் சாலையில் எவரை நசுக்கியது என்று தகடுகளை எண்ணிய அதே நேர்மையோடு எழுதப்படட்டும். மனிதன் இறைவனின் சாயல் என்று நம்புவோர் இதனினும் குறைந்த ஒன்றில் நிறைவுகொள்ள இயலாது.

பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, உங்கள் பிள்ளை திரையில் ஒரு டாங்கியை ஓட்டக் கண்டால் உடனே அணைத்துவிடாதீர்கள். அருகில் அமருங்கள். “இதனை ஓட்டியவர் யார்? இதன் எதிரே நின்றவர் யார்?” என்று கேளுங்கள். அவனுக்கு விடை தெரியாவிடில் இருவரும் சேர்ந்து தேடுங்கள். அந்தத் தேடலில் லிடிட்சேயின் முதிய பங்குத்தந்தையை அவன் ஒருநாள் சந்திப்பான்.