குவளையைத் தாண்டிப் பார்க்காத கண்கள்

கொழும்பின் மொட்டைமாடி உணவகங்களைப் பற்றி எமது எழுத்தாளர்களிடம் இரண்டே இரண்டு அபிப்பிராயங்கள்தான் உண்டு. ஒன்று, அவை ஹறாமின் கூடாரங்கள். அங்கே போகின்றவனும் கெட்டான், அதைப் பற்றி எழுதுகின்றவனும் கெட்டான் என்பது. மற்றது, அவை எமது சமூகம் முன்னேறிவிட்டதன் அடையாளங்கள். போய் ஒரு 'மொக்டெயில்' குடித்துவிட்டு வருவதில் என்ன பிழை என்பது. இவ்விரு சாராரும் கூட்டங்களில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்கின்றார்கள். ஆனால் இரு சாராரின் கண்ணும் ஒரே இடத்தில்தான் குத்திட்டு நிற்கின்றது: மேசையில் இருக்கும் குவளையில். அதற்குள் இருப்பது மதுவா, மாதுளஞ் சாறா என்பது தெரிந்துவிட்டால் இருவருக்குமே வேலை முடிந்துவிடுகின்றது.

எனது வழக்கு இவ்விரு சாராரோடும்தான்.

மது ஹறாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை ஹலாலாக்கிக் காட்டும் உத்தேசமும் இல்லை. 'இவர் மதுவுக்கு வக்காலத்து வாங்குகின்றார்' என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுத நினைப்பவர்கள் முத்திரைச் செலவை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் மஃரிப் தொழுதுவிட்டு உயரமான ஓரிடத்தில் அமர்ந்து, கடற்காற்று முகத்தில் பட, நல்ல சாப்பாடும் மனதுக்குப் பிடித்த நான்கு பேரும் அருகே இருக்க, இரண்டு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருப்பது ஓர் இன்பம். அந்த இன்பம் எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. குவளையில் இருப்பது ஹறாம் என்பதற்காகக் காற்றையும் கதையையும் சேர்த்து ஹறாமாக்குகின்றவர்களிடம்தான் நான் முதலில் கேட்கின்றேன்: இது எந்த மத்ஹபில் உள்ளது?

இதற்கு எமது வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கின்றது. 1511ஆம் ஆண்டு மக்காவில் கைர் பேக் என்ற அதிகாரி கோப்பியைத் தடைசெய்தார். அறிஞர்களையும் வைத்தியர்களையும் கூட்டி, அந்தப் பானம் கூடாது என்று தீர்ப்பு வாங்கினார். யமனின் சூபிகள் இரவு வணக்கத்தில் கண் விழித்திருக்கக் குடித்த அதே கோப்பிதான் அது. கெய்ரோவில் இருந்த மேலிடம் அந்தத் தடைக்கு முழுமையாக இணங்கவில்லை, தடை நிலைக்கவுமில்லை. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இஸ்தான்பூலில் கோப்பிக்கடைகள் பெருகின. 1633இல் சுல்தான் நான்காம் முராத் அவற்றை மூடச் சொன்னார். சுல்தானுக்குக் கோப்பியின் ருசியிலா கோபம்? ஆட்கள் கூடியிருந்து கதைப்பதில்தான் கோபம். அங்கே கவிதை வாசித்தார்கள், சதுரங்கம் ஆடினார்கள், ஆட்சியைப் பற்றியும் பேசினார்கள். பானத்தின் பெயரால் கூட்டத்தைத் தடுப்பது புதிய தந்திரமல்ல. இன்று வலீமா வீட்டிலும் கத்தம் வீட்டிலும் எமக்குக் கோப்பி ஊற்றித்தருகின்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இனி இரண்டாம் சாராரிடம் வருவோம். ரமழான் வந்துவிட்டால் கொழும்பின் நட்சத்திர விடுதிகளில் இப்தார் புஃபே ஆரம்பமாகிவிடும். பேரீச்சம்பழம் வகை வகையாக, கஞ்சி வெள்ளிப் பாத்திரத்தில். கம்பனிகள் வாடிக்கையாளர்களை அழைக்கின்றன, அரசியல்வாதிகள் ஆதரவாளர்களை அழைக்கின்றனர். ஒரு தளம் மேலே மதுச்சாலை. ஒரு தளம் கீழே தொழுகைக்கு விரித்த பாய். அங்கே போய் வந்தவர்களில் சிலர்தான் அடுத்த மாதம் மொட்டைமாடியைப் பற்றி ஒழுக்கக் கட்டுரை எழுதுகின்றார்கள். மற்றச் சிலர், ஒரு மேசையில் ஹலால் என்று எழுதிய அட்டை இருந்தால் முழுக் கட்டடமும் சுத்தமாகிவிட்டதென்று நினைக்கின்றார்கள். அந்த அட்டை கோழி எப்படி அறுக்கப்பட்டது என்பதைச் சொல்லும். அந்தக் கோழியைப் பரிமாறியவனுக்கு என்ன கூலி, அந்தக் கட்டடம் யாருடைய நிலத்தில் எழுந்தது என்பதையெல்லாம் அது சொல்லாது.

எமது தமிழில் 'ஹோட்டல்' என்ற சொல்லுக்கு உள்ள அகலத்தைக் கவனித்திருக்கின்றீர்களா? மருதானையில் கொத்துத் தட்டும் கடையும் ஹோட்டல்தான். காலிமுகத்திடலில் வானத்தை மறைத்து நிற்பதும் ஹோட்டல்தான். கிழக்கிலங்கையிலிருந்து வந்து ஒரு பெரிய விடுதியின் மொட்டைமாடியில் பரிசாரகனாக இருக்கும் இளைஞன் ஒருவனை எனக்குத் தெரியும். "ஹோட்டல்ல வேலை" என்று உம்மாவிடம் சொல்லியிருக்கின்றான். அவனுடைய உம்மா பராட்டா போடும் கல்லையும் இஞ்சிப் பிளேன்டீயையும் நினைத்துக்கொண்டு மகனுக்காகத் துஆ செய்கின்றார். அவனோ ஒவ்வோர் இரவும் தட்டில் என்ன ஏந்துகின்றோம் என்ற உறுத்தலோடு சம்பளத்தை எண்ணி வீட்டுக்கு அனுப்புகின்றான். விருந்தாளி கொடுக்கும் பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அதில் தன் கைக்கு எவ்வளவு வருகின்றது என்பதை அவன் விரல் விட்டு எண்ணிக் காட்டினான். இவன் எந்தக் கதையில் வருகின்றான்? முதலாம் சாரார் இவனை ஹறாம் சம்பாதிப்பவன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இரண்டாம் சாரார் இவனுடைய முகத்தை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சாப்பாட்டு மேசை இந்நாட்டில் எமக்கு வெறும் மேசையாக இருந்ததில்லை. 2013இல் பொது பல சேனாவின் கூச்சலுக்குப் பிறகு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்ளூர்ச் சந்தைக்கான ஹலால் சான்றிதழிலிருந்து விலகிக்கொண்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில், கறிக்குள் கருத்தடை மாத்திரை என்று ஒரு கதை கட்டினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கண்டது மாக்கட்டி என்பது தெரியவந்தபோது எரிந்தது எரிந்து முடிந்திருந்தது. எமது கடையில் சாப்பிடாதே என்று பிறர் சொன்னபோது எமக்கு எவ்வளவு வலித்தது! அந்த வலியை வைத்து எத்தனை கவிதைகள் எழுதினோம்!

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. மூன்று தேவாலயங்களோடு ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று விடுதிகளும் தாக்கப்பட்டன. விடுதிகளில் குண்டு வெடித்தது காலை உணவு வேளையில், சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில். அன்று நாடு முழுவதும் 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தட்டோடு வரிசையில் நின்றவர்களும் அவர்களுக்குப் பரிமாறியவர்களும் அதில் அடக்கம். எம் பெயரைச் சூடியவர்கள் செய்த கொலை அது.

ஒழுக்கக் கட்டுரை குண்டாக மாறியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். நான் சொல்வது வேறு. அந்த மேசைகளில் இருந்தவர்களும் மனிதர்கள், ஓய்வுநாளில் பிள்ளைகளோடு சாப்பிட வந்தவர்கள் என்பதை எமது இலக்கியம் அதற்கு முன்னர் எத்தனை தடவை காட்டியிருக்கின்றது? எமது கதைகளில் விடுதி என்றால் கெட்டுப்போன பணக்காரன், வழிதவறிய பெண், கடைசிப் பந்தியில் தண்டனை. இந்த மூன்றையும் விட்டால் அங்கே வேறு ஆளே இல்லை. ஓரிடத்தை மனிதர்கள் இல்லாத இடமாக எழுதிக்கொண்டே இருப்பது சிறிய பிழையல்ல. கண்டன அறிக்கையில் ஒப்பமிட்டதோடு அந்தப் பொறுப்பு எம்மை விட்டு நீங்கிவிடவில்லை.

நிலத்தின் கதைக்கு வருகின்றேன். கொம்பனித்தெருவில் மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்தார்கள். ஜாவா லேன் என்ற பெயரே அந்த வரலாற்றைச் சொல்லும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மியூஸ் வீதி வீடுகள் படையினரும் பொலிஸாரும் சூழ்ந்து நிற்க இடிக்கப்பட்டன. பின்னர் ஒழுங்கை ஒழுங்கையாகக் காணிகள் கைமாறின. தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் எழுந்த மாடிக் குடியிருப்புகளுக்குக் கொழும்பின் ஏழைகள் கட்டுக் கட்டாக அனுப்பப்பட்டார்கள். இன்ன மாடி இன்னாருடைய அடுப்படியின் மேல் நிற்கின்றது என்று நான் கணக்குக் காட்ட வரவில்லை. ஆனால் பேரை வாவியைச் சுற்றி உயர்ந்து நிற்கும் எந்த மாடியில் நின்று பார்த்தாலும் கீழே அந்தக் கொம்பனித்தெருவின் மிச்சம்தான் தெரிகின்றது. மேலேயிருந்து 'வியூ' அழகாகத்தான் இருக்கின்றது. ஏழைகளுக்குக் கட்டிய மாடிக்கும் ஒரு மொட்டைமாடி உண்டு. நான் போய்ப் பார்த்த ஒன்றில் அதன் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். இந்த நகரத்தில் காற்றுக்கும் கட்டணம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இது எழுத்தாளனின் கண்ணில் படவில்லை. குவளை மட்டும் பட்டது.

பெண்களின் கதை இன்னொன்று. மது விற்கும் இடங்களில் பெண்களுக்கு அதை விற்பதையும், அனுமதியின்றி அவர்களை அங்கே வேலைக்கு வைப்பதையும் 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திருப்பிப் பெறச் சொன்னார். எனக்குத் தெரிந்த எழுத்தாளர் பலர் கைதட்டினார்கள். எமது பெண்கள் குடிக்கவேண்டும் என்று இங்கே யார் கேட்டது? ஆண் குடிப்பதையும் அதே சட்டம் தடுத்திருந்தால் நானும் சேர்ந்து கைதட்டியிருப்பேன். இது ஒழுக்கமல்ல, ஆணுக்கு ஒரு கணக்கும் பெண்ணுக்கு இன்னொரு கணக்கும் எழுதும் வியாபாரம். அதைவிட வெட்கம், எமது சொந்தக் கடைகளின் சங்கதி. வாப்பாவும் மகனும் வாசலோர மேசையில் வீதியைப் பார்த்துச் சாப்பிட, உம்மாவுக்கும் மகளுக்கும் திரைச்சீலை கட்டிய, மின்விசிறி முனகும் 'பெமிலி ரூம்'. எமது பெண்கள் மொட்டைமாடிகளை விரும்புகின்றார்கள் என்றால், அங்கே ஜன்னலோரத்தில் அமர விடுகின்றார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். அதைக் கேட்டறியாமல் 'நாகரிக மோகம்' என்று தலைப்பிடுகின்றோம்.

காலிமுகத்திடலில் ஒரு கல் இருக்கின்றது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த அந்த நடைபாதை கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்கானது என்று பின்வருவோருக்கு அதில் எழுதிவைத்தார். குடியேற்ற ஆட்சியாளன்தான், ஆனாலும் நுழைவுக் கட்டணமில்லாத ஓர் இன்பத்தை விட்டுப் போனான். இன்றும் அங்கே அபாயா அணிந்த பெண்கள் இறால் வடையைக் கடித்துக்கொண்டு பட்டம் விடும் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடுகின்றார்கள். 2022 ஏப்ரலில், ரமழான் மாதத்தில், அதே திடலின் போராட்டக் களத்தில் எல்லா இனத்தவரும் தரையில் அமர்ந்து எம்மோடு நோன்பு திறந்தார்கள். வீதிக்கு அப்பால் நட்சத்திர விடுதி. இப்பால் கடதாசிக் கோப்பையில் கஞ்சி. நகரத்தின் இன்பம் எப்படியிருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் அந்த மாலையைத்தான் காட்டுவேன்.

தெற்குக் கிராமத்து முஸ்லிம்களின் பேச்சை இலக்கியத்துக்குள் கொண்டுவரத் திக்குவல்லை கமால் இருந்தார். கிழக்கின் மண்ணைக் கொண்டுவர எஸ்.எல்.எம். ஹனீபா இருந்தார். கொழும்பின் இரவு எமது பக்கங்களில் இன்னும் அரிதாகவே வருகின்றது. வரும்போதும் குற்றவாளியாகவே வருகின்றது. பயந்துகொண்டு எட்டிப் பார்ப்பவனாலும், காசு கொடுத்து உள்ளே போய் மயங்குபவனாலும் அதை எழுத முடியாது.

மொட்டைமாடிக்கு ஏறுவதும் ஏறாததும் உங்கள் தக்வாவையும் உங்கள் பணப்பையையும் பொறுத்தது. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எழுத உட்காரும்போது அந்தக் குவளையைச் சற்று ஒரு பக்கம் நகர்த்தி வையுங்கள். அதைக் கொண்டுவந்து வைத்தவன் எந்த ஊர்க்காரன் என்று கேளுங்கள். எதிரே ஜன்னலோரத்தில் இருக்கும் பெண் ஏன் அங்கே வந்தாள் என்று கேளுங்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே வெளிச்சம் குறைந்த ஒழுங்கையில் இன்னும் எத்தனை வீடுகள் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மதுவைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். நான் மறுப்பு எழுதுகின்றேன்.