நாடக வாத்தியார்களைப் பள்ளிக்கு அழையுங்கள்

மாண்புமிகு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

2022 முதல் தங்கள் துறை அரசுப் பள்ளிகளில் நடத்திவரும் கலைத் திருவிழா, ஆட்டமும் பாட்டும் அறியாதிருந்த வகுப்பறைகளில் உற்சாகத்தை உண்டாக்கியிருக்கிறது என்பதை மனமார ஒப்புக்கொண்டே இம்மடலைத் தொடங்குகிறேன். ஆயினும் போட்டி என்பது கற்றவனைக் கண்டெடுக்க உபயோகமாகுமேயன்றிக் கல்லாதவனுக்குக் கற்பித்துவிடாது. கற்பிக்கும் சக்தி படைத்தவர்களோ மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நாடக நடிகர் சங்க வாசல்களில் அடுத்த திருவிழாவின் அழைப்பை எதிர்நோக்கி அமர்ந்திருக்கிறார்கள்.

ஸ்பெஷல் நாடகம் என்று ஜனங்கள் வழங்கும் இசை நாடகத்தைத் தாங்கள் ஒரு முறையேனும் விடிய விடிய இருந்து பார்க்க வேண்டும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே வந்து இறங்கி, ஒத்திகை என்பதே இல்லாமல், அரிதாரம் பூசிக்கொண்டே கதையின் போக்கை நாலு வார்த்தையில் பேசி முடித்து, வைகறை வரை ஒரு முழு நாடகத்தைச் சபையோருக்கு அளிக்கிறார்கள். 'வள்ளி திருமண'த்தில், தினைப்புனம் காக்கும் வள்ளியோடு நாரதர் தர்க்கத்துக்கு நிற்கும் கட்டத்தைக் கவனியுங்கள். எதிராளி எந்தக் கேள்வியை வீசுவார், எந்தப் பாட்டை எடுப்பார் என்பதை இருவருமே நிச்சயமாக அறியார். ஹார்மோனியக்காரர் விரல்களைக் கட்டைகளின்மேல் வைத்தபடி, கண்களை நடிகரின் உதட்டிலேயே பதித்திருந்து, பாட்டின் முதற்சொல் பிறந்த மாத்திரத்தில் சுருதியைப் பிடித்துக்கொடுக்க, மிருதங்கம் அந்த மூச்சிலேயே சேர்ந்துகொள்கிறது. அந்தத் தர்க்கத்தில் வெல்ல நினைப்பவர், எதிரில் நிற்பவர் சொல்வதை ஓர் எழுத்து விடாமல் முதலில் கேட்டாக வேண்டும்.

இக்கலை நம் பள்ளிகளுக்கு ஏன் வேண்டும்? விடை தெரிந்திருந்தும் எழுந்து நின்று சொல்ல நா எழாத பிள்ளைகள் நம் கிராமப் பள்ளிகளில் ஏராளம். மூச்சை அடிவயிற்றிலிருந்து எழுப்பி, லகர ளகர ழகரம் பிறழாமல், கடைசியில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் கிழவியின் செவிவரை வசனத்தைக் கொண்டு சேர்க்கும் வித்தையை அப்பிள்ளைகளுக்குப் பழக்க, ஆயுள் முழுதும் அதையே அப்பியாசமாகக் கொண்டவரைவிடத் தகுந்த ஆசிரியர் எவர்?

நாடகக்காரரைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நான் புதிதாகச் சொல்லும் யோசனையுமன்று. நாடகாசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவி, பாட்டையும் பேச்சையும் பாலகர்களுக்கே ஊட்டினார். அவ்வாண்டு அதில் சேர்ந்த, பின்னாளில் நாடக நடிகராகப் புகழ்பெற்ற தி. க. சண்முகம் அப்போது ஆறு வயதுக் குழந்தை. அக்குழந்தை அபிமன்யு வேஷம் பூணுவதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஓரிரவில் எழுதி முடித்த அந்த மகானுடைய சிரத்தையை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது. ஒரு பிள்ளையின் குரலையும் வயதையும் சாமர்த்தியத்தையும் அளந்து, அதற்கேற்பப் பாடத்தை அமைப்பதல்லவா போதனையின் சிகரம்!

சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் அடியும் பட்டினியும் இருந்ததையும், படிப்பைத் துறந்து வந்த சிறுவர்களுள் அநேகர் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தபின் வேஷம் இழந்து அனாதரவாக நின்றதையும் நான் மறைக்கவில்லை. ஆதலால் பிள்ளைகளை நாடகத்துக்கு அனுப்பும்படி நான் கேட்கவில்லை. நாடகக்காரரைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழையுங்கள் என்றே கேட்கிறேன். பபூன் காட்சியின் இரட்டை அர்த்தப் பேச்சை எடுத்துக்காட்டி ஆட்சேபிப்போர் உண்டு. நள்ளிரவுச் சபையில் எதைப் பேசலாம், பாலர் முன்னிலையில் எதைப் பேசலாகாது என்ற விவேகம், சபையறிந்து பேசியே ஜீவித்தவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

மற்றொன்றும் உண்டு. 'கூத்தாடி வீட்டுப் பிள்ளை' என்ற ஏச்சைக் கேட்டு, பெற்றோரின் தொழிலைச் சக மாணவரிடம் சொல்ல நாணும் குழந்தைகள் இதே பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுடைய தாயோ தந்தையோ அவ்வகுப்பிலேயே ஆசிரியராக வந்து நின்று, தலைமையாசிரியரின் வணக்கத்தைப் பெறுவாராயின், அக்குழந்தை அன்றிலிருந்து எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பங்குனி முதல் ஆடி வரை இக்கலைஞர்களுக்கு ஓய்வில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களிலோ மேடையும் இல்லை, வருமானமும் இல்லை. பள்ளிகளோ அம்மாதங்களில் முறையாக நடக்கின்றன. முதற்கட்டமாக மதுரை, புதுக்கோட்டை மாவட்டங்களின் சில அரசுப் பள்ளிகளுக்கு, வாரம் இரு பிற்பகல் வீதம், மூத்த நடிகர் ஒருவரையும் ஹார்மோனியக்காரர் ஒருவரையும் அனுப்பிவைக்க ஆணையிட வேண்டுகிறேன். சன்மானம் மாத முடிவில் தவறாமல் கைக்குச் சேரட்டும். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் சங்கங்களுக்கும் பங்கிருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு ஸ்திரீபார்ட் கலைஞர்களே வரட்டும். வரும் ஐப்பசிக்குள் ஆணை பிறக்குமானால் இவ்வாண்டே தொடங்கிவிடலாம்.

இங்ஙனம்,
இசை நாடக ரசிகன் ஒருவன்,
மதுரை.