சென்னையில் பழைய ஃபிளாட் விற்க ஏன் இத்தனை மாசம் ஆகுது?

வீடு பார்க்க வர்றவங்களுக்குக் குறைவில்லை, ஆனால் பேச்சு மட்டும் முடிய மாட்டேங்குது. சென்னையில் பழைய ஃபிளாட்டை விற்க நினைப்பவர்களின் பொதுவான புலம்பல் இது. மார்க்கெட் டல் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் பல டீல்கள் நிற்பது வாங்குபவரின் கைக்காசில்தான்.

ஒரு கணக்கு போடலாம். ஃபிளாட் விலை 80 லட்சம் ரூபாய். 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு, வீட்டு மதிப்பில் 80%. அதாவது 64 லட்சம். மீதி 16 லட்சம் கையிலிருந்து வரணும். மறுவிற்பனைக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, அது 7.2 லட்சம். இந்தச் செலவை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. ஆக, 23 லட்சத்துக்கு மேல் ரெடியாக வேண்டும்.

இதே விலையில் புது ஃபிளாட் என்றால்? 2023 டிசம்பர் முதல், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரையிலான புது அடுக்குமாடி வீடுகளின் முதல் விற்பனைக்கு முத்திரைத்தீர்வை 5%தான். பதிவுச் செலவு 5.6 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு. பணி முடிப்புச் சான்று வாங்கிய பிறகு விற்கப்படும் வீட்டுக்கு அதுவும் கிடையாது.

அடுத்த சிக்கல் மதிப்பீடு. விற்பவர் பக்கத்துத் தெருவில் எழும்பும் புது அபார்ட்மென்ட்டின் சதுர அடி ரேட்டைப் பார்க்கிறார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பதோ கட்டடத்தின் வயசு, நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பாகம் (யூடிஎஸ்). அவர் 70 லட்சம்தான் என்று எழுதிட்டா கடன் 56 லட்சமாகிடும். வாங்குபவர் இப்போ 31 லட்சத்துக்கு மேல் புரட்டணும். விலையைக் குறைக்கச் சொல்வார்; விற்பவருக்கு மனசு வராது. மறுபடியும் முதலிலிருந்து.

பேப்பர் வேலை தனி. அப்பா பெயரில் இருக்கும் வீடு, அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்து போடணும். ஒருவர் அமெரிக்காவில் இருந்தால் பவர் பத்திரம் அங்கே தயாராகி, இங்கே வந்து முத்திரைத்தீர்வையும் கட்டி முடிய வாரங்கள் ஓடிடும். அனுமதி வாங்காமல் கட்டிய கூடுதல் மாடி இருந்தால் வங்கிகள் யோசிக்கும்.

விற்பவரின் கடனே பாக்கி என்றால் ஒரிஜினல் பத்திரம் அவருடைய வங்கியில் இருக்கும். முழுக்கடனும் அடைத்த 30 நாளுக்குள் வங்கி அதைத் திருப்பித் தரணும். தாமதம் வங்கியின் தவறு என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி உத்தரவு.